செத்த காலேஜுல கேட்ட மோளம்

1

…அத்தோட வுட்டாளான்னு கேளுடி குப்பு. "காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?"ன்னு கேட்டா. சொன்னேன். வுட்டுட்டுப் போவ வேண்டியதுதானே? "எத்தினி தறி ஓடுது?"ன்னா. என் மவன் ஏழுமலை எனக்குத் தெருப் பேரு மட்டுந்தான் சொல்லிக் குடுத்து கூட்டிக்கினு போயிருந்தான். தறியப் பத்தி ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நான் கம்முனு இருந்திருக்கலாம். வாயி இருக்குதே. "அது ஓடுது ஏழெட்டு"ன்னுட்டேன்.

"அம்மாடி, ஏழெட்டா? அப்ப பெரிய முதலாளி வீடுன்னு சொல்லுங்க! எங்க பொண்ணு கல்யாணப் புடவை எல்லாம் இனிமே ஒங்க பொறுப்பு"ன்னு என் கையப் புடிச்சிக்கினா. என் புள்ள மூஞ்சிய நீ பாக்கணுமே. வெளக்கெண்ண குடிச்சவனாட்டம் நிக்கிறான்.

அவ பேரு பங்கஜம். மெட்ராஸ்காரி. இந்த சிகாகோவுல இருக்கிற தமிழ் ஆளுங்க பொங்கலுக்கு ஒரு எடத்துல கூடுவாங்க, அங்கதான் புடிச்சிக்கினா. எந்தத் தெருன்னு கேட்டா இன்னா அர்த்தம்னு ஒனக்கு நான் சொல்லணுமா? சாதிய யாரு வாய தொறந்து கேக்குறாங்க? தெருவக் கேட்டா வந்துடுது. நம்ம தாமல் காலனின்னு சொன்னேன்னு வெச்சுக்க, அந்தக் கையி அப்படியே பின்னால போயிடும். அதான் என் மவன் வரும்போதே சொல்லிட்டான். "யாரு கேட்டாலும் பிள்ளையார்பாளையம்னு சொல்லிடும்மா. நெசவுன்னு நெனச்சிக்கட்டும்."

பிள்ளையார்பாளையம் நமக்குத் தெரியாத எடமா? பட்ட வேவ வெச்சு சாயம் போடுற வூட்டுக்கெல்லாம் தலையில வெறகு சொமந்துக்கினு நீயும் நானும் எத்தினி வருசம் நடந்தோம். தறி சத்தம் தெருவுல நின்னு கேட்டதுதான். எவ வூட்டுப் படியாவது தாண்டி இருக்கிறமா? இப்ப கடல் தாண்டி வந்து அந்தப் படியத் தாண்டிட்டேன் பாரு, வாயாலயே!

சிரிக்காத. இந்த மிசினு முன்னால குந்திக்கினு தனியா பேசறதே எனக்குக் கூச்சமா இருக்குது. ரேவதி, என் பேத்தி, பொத்தான அமுக்கிட்டு இஸ்கூலுக்குப் போயிடுச்சு. செவப்பு வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்தா கேட்டுக்கினு இருக்குதாம். ஒன் மருமவன் பர்மா பஜாருல டேப்பு மிசினு வாங்கியாந்தானே, நல்லதாப் போச்சு. காயிதம் போட்டா எழுத ஒருத்தன், படிக்க ஒருத்தன்னு நடுவுல ரெண்டு ஆளு. இப்ப நீயும் நானுந்தான். எவனுக்கும் டீ வாங்கித் தர வேணாம்.

2

எங்க வுட்டேன்? ஆங். மோளத்தப் பத்திச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், பங்கஜம் உள்ள பூந்துட்டா.

இங்க காலையில கோழி கூவாது. ஹீட்டருதான் டொக்கு டொக்குன்னு கூவும். ஏழுமலை கம்பெனிக்குப் போயிடுவான். மருமவ சரோஜாவுக்கு ஆஸ்பத்திரியில நர்சு வேல, ராத்திரி டூட்டின்னா பகல்ல தூங்கும். நான் ஜன்னலாண்ட குந்திக்கினு பனிய பாத்துக்கினு இருப்பேன். மொத நாளு பாத்துட்டு யாரோ தெருவு பூரா சுண்ணாம்பு கொட்டிட்டானுங்கன்னு கத்திட்டேன்.

ரேவதி தமிழு இருக்குதே, அத கேட்டா நீ அழுவியா சிரிப்பியான்னு தெரியாது. "ஆயா, அப்பா வந்துச்சு, நாய் வந்தாரு"ன்னும். போவட்டும், அப்பனுக்குக் கொறச்சதை நாய்க்காவது குடுக்குதே. ஆனா ஒண்ணு சொல்றேன், ஒவ்வொரு வாரமும் அதுங்கிட்ட இருந்து ரெண்டு வார்த்தை வுழுந்துக்கினே இருக்குது. போன மாசம் "கொழம்பு" இருந்துச்சு. இப்ப அதுவும் "சாஸ்" ஆயிடுச்சு. தாத்தான்னா ஒருத்தர் இருந்தாருன்னு தெரியும். பேரு இன்னா, இன்னா பண்ணாருன்னு தெரியாது. அவங்கப்பன் சொன்னதில்ல. நான் சொல்லவும் வழியில்ல.

எப்படிச் சொல்லுவேன்? புருசன் பேர நம்ம சொல்லுவமா? இந்த ஊர்ல வந்து எறங்கின அன்னிக்கே அந்தப் பேஜாரு நடந்துது. ஏரோப்ளேன் ஆபீசுல ஒருத்தன் சட்டம் சட்டமா கேக்குறான், பக்கத்துல தமிழு அரைகுறையா தெரிஞ்ச ஒரு பையன். "ஒங்க வீட்டுக்காரர் பேரு?"ங்குறான். நான் கம்முனு நிக்கிறேன். மறுக்கா கேக்குறான். பின்னால வரிசை நிக்குது. சரி, ஜாடையா சொல்லிப் பாப்போம்னு கையெடுத்து மேல கும்புட்டு, "சாமி, சாமி"ன்னேன். முனுசாமின்னு புரிஞ்சிக்கட்டும்னு. இதோ, இப்பக்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கினுதான் சொல்றேன், நீ கேட்டது வெளிய சொல்லாத. அந்தப் பையன் தலைய ஆட்டி, ஆபீசருகிட்ட, புருசன் சாமிகிட்ட போயிட்டாராம்னு சொல்லிட்டான். நான் சொன்னது பேரு. அவன் எழுதிக்கினது சாவு. ரெண்டும் நெசந்தானே, போவட்டும்னு வந்துட்டேன்.

3

அவரு போன நாளு முந்தாநேத்து. மூணு வருசம். ஒனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் என்ன புடிச்சிக்கினு குந்தியிருந்த.

அன்னிக்கி ஒன் வூட்டுக்காரரு மோளத்த வைக்கோல்ல சூடு காட்டி, தோள்ல மாட்டிக்கினு வாசல்ல வந்து நின்னாரே. கூட்டாளி சாவாச்சே, சுத்துப்பட்டு ஊரு சாவுக்கெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணா போயி அடிச்சவங்களாச்சே. அப்ப மெட்ராசுல இருந்த ஏழுமலை, வந்து எறங்கினவன் நேரா அவருகிட்ட போயி, "மாமா, எங்க நைனாவுக்கு மோளம் வேணாம்"னான். "இன்னாடா சொல்ற?"ன்னாரு. "ஊரான் சாவுக்கெல்லாம் அடிச்சிக்கினு கெடந்தாரு. அவர் சாவுக்கு ஊர்த்தெருவுலருந்து ஒருத்தன் வந்தானா? அந்தச் சத்தம் என் நைனாவோட நிக்கட்டும்"னான். ஒன் வூட்டுக்காரரு மோளத்த கழட்டி கக்கத்துல வெச்சிக்கினு அப்படியே பொணத்துக்குப் பின்னால நடந்தாரு. அந்த வட்டாரத்துக்கே மோளம் அடிச்ச என் மனுசன் சத்தமில்லாம போனாரு. ஏரிக்கரை மேல நம்ம ஜனம் நடக்குற காலு சத்தந்தான் கேட்டுது.

புள்ளையையும் குத்தம் சொல்ல மாட்டேன். பொடியனா இருந்தப்ப அவங்கப்பன் கூட வைக்கோலு தூக்கிக்கினு போவான், சூடு காட்டுறதுக்கு. அடிச்சி முடிச்சா சோத்த எலையில வெச்சு வாசலுக்கு வெளிய தரையில தள்ளுவாங்க. மறுநாளு பள்ளிக்கூடத்துல அதே வூட்டுப் புள்ளைங்க "டண்டணக்கா வந்துட்டான்டா"ம்பாங்க. வாத்தியாரும் சிரிப்பாரு. அவன் பட்டது அவனுக்குத்தான் தெரியும். காரியம் முடிஞ்சி கெளம்பும்போது, "அந்த மோளத்த ஏரியில போட்டுடும்மா"ன்னான். சரின்னேன். அது ஏரிக்குப் போச்சா ஒன் வூட்டுப் பரணுக்குப் போச்சான்னு ஒனக்கும் எனக்குந்தான் தெரியும்.

4

முந்தாநேத்து சாயங்காலம் கீழ் வூட்டுத் தோரத்தி மேல ஏறி வந்துச்சு. கறுப்பம்மா, நம்ம நெறந்தான், என் வயசுதான். அது அதோட பாஷையில பேசும், நான் என்னோடதுல பேசுவேன். அதனால சண்டையே கெடையாது. ஊர்ல இருக்கிற மியூசியம் எல்லாம் அன்னிக்கி சாயங்காலம் காசு இல்லாம தொறந்து வுட்டிருக்காங்களாம். ஆப்பிரிக்கா சாமானு, ஆப்பிரிக்கா பாட்டு, எல்லாரும் வாங்கன்னு கூப்புட்டுச்சு.

"மியூசியம்னா இன்னாடா?"ன்னேன்.

"செத்த காலேஜும்மா. மெட்ராஸ்ல பாத்தமே"ன்னான் ஏழுமலை.

மறப்பனா? ரெண்டு தலை கன்னுக்குட்டிய சீசாவுல பாத்துட்டு நீ ராவெல்லாம் தூங்காம என்னையும் தூங்க வுடலியே. "இன்னிக்கி ஒங்க நைனா போன நாளு. இன்னிக்கிப் பாத்து செத்த காலேஜுக்கா?"ன்னேன். அவன் நாக்க கடிச்சிக்கினான். மறந்துட்டிருக்கான். இங்க நாளும் கெழமையும் வேற மாதிரி ஓடுது, நானும் திட்டல.

ரேவதி சும்மா இருக்குமா? நான் சொன்னத அப்படியே தோரத்திகிட்ட இங்கிலீஷுல சொல்லிடுச்சு. தோரத்தி மாடிப்படிக் கம்பிய புடிச்சிக்கினு சிரிச்சுது பாரு, பல்லு செட்டு கழண்டு வந்துடும்போல. அப்பால கண்ணத் தொடச்சிக்கினு ஏதோ மெதுவா சொல்லிச்சு. "இன்னாடி சொல்லுது?"ன்னேன். "கரெக்ட்டு சொல்ற ஆயா. அவுங்க தாத்தா ஊரு சாமான் எல்லாம் அங்க செத்துப் படுத்திருக்கு. இன்னிக்கி எழுந்துக்க வெக்கணும்"னு சொல்லிச்சு. ஏழுமலை சட்டையை மாட்டிக்கினு, "கெளம்பும்மா, போலாம்"னான்.

கட்டடம் மாகறல் கோயிலு மதில விட ஒசரம். எதுத்தாப்புலயும் இன்னொண்ணு. அதுல படம், இதுல மோளம்னாங்க. கறுப்பு ஜனம் புள்ளகுட்டியோட திருவிழாவுக்கு வந்தாப்புல வந்திருக்குது. கலர் கலரா துணிய தலையில சுத்திக்கினு, பாட்டிங்க கூட. வெள்ளக்காரங்களும் வரிசையில நிக்கிறாங்க. எனக்கு சந்தோசம் தாங்கல. உள்ள போனா மரத்துல செதுக்கின மொகமூடி. நம்ம ஊரு பாரதக் கூத்துல தலையில கட்டுவாங்களே கட்டைக் கிரீடம், அதே கணக்கா. "இது துரியோதனன், பாரு, மொறைக்கிறான்"னு ரேவதிக்கு நானே காட்டிக்கினு போறேன்.

அப்ப பின்னாலருந்து, "அடடே, பிள்ளையார்பாளையத்து அம்மா!"ன்னு ஒரு குரலு. பங்கஜம்! சும்மா வுடுறாங்கன்னா நம்மாளு வராம இருக்குமா? என்ன இழுத்துக்கினு போயி ஒரு துணி முன்னால நிக்க வெச்சிட்டா. பட்டை பட்டையா நெசவு பண்ணி சேத்துத் தெச்ச துணி. "நீங்க நெசவுக்காரங்க, பாத்துச் சொல்லுங்க, எப்படி நெய்திருக்கான்?"ங்குறா. நான் இன்னாத்தக் கண்டேன்? வெறகு எத்தினி கட்டு வேணும்னு கேட்டா சொல்லுவேன். "நல்லா கெட்டியா இருக்குது"ன்னேன். "பாத்தீங்களா, அனுபவம்!"னு அவ வேற யாருக்கோ சொல்றா. ஏழுமலை தூர நின்னு செவுத்த பாத்துக்கினு இருக்கான். இந்தப் பொய் என்னிக்கி வெடிக்குமோன்னு நான் ரேவதி கையப் புடிச்சிக்கினு அங்கருந்து நகந்தேன்.

அந்தப் பக்கமா ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ள வெளக்கு போட்டு ஒரு மோளம். வட்டமா, தோலு இழுத்துக் கட்டி. நான் அங்கயே குனிஞ்சி பாத்தேன். ரேவதி கைய நீட்டுச்சு, காவலுக்கு நின்னவன் தொடக் கூடாதுன்னான். குப்பு, அந்த மோளத்த நம்ம ஊர்ல யாரும் தொட மாட்டாங்க, தீட்டு. இங்கயும் யாரும் தொடக் கூடாது, மருவாதி. நான் கண்ணாடியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேன்.

பெரிய கூடத்துல எல்லாரையும் தரையிலயே குந்த வெச்சாங்க. ஆப்பிரிக்காவுலருந்து வந்த ஒரு மனுசன், தல நரச்சவரு, நடுவுல வந்தாரு. மோளத்தத் தட்டிப் பாத்தாரு. சத்தம் பொத்துன்னு இருக்குது, குளிருல தோலு தொவண்டுடுச்சு. ஒடனே இன்னா பண்ணாரு தெரியுமா? செவுத்தோரம் இருந்த ஹீட்டருகிட்ட போயி, மோளத்தக் காட்டி, திருப்பித் திருப்பி, கட்ட வெரலால தட்டித் தட்டிப் பாக்குறாரு. என் வாயி நிக்குமா?

"சூடு காட்டுறாருடா! ஏழுமலை, சூடு காட்டுறாருடா!"

கூடமே திரும்பிப் பாத்துது. பங்கஜம் எனக்கு ரெண்டு ஆளு தள்ளி குந்தியிருக்கா. ஏழுமலை, "அம்மா, கம்முனு இரும்மா"ன்னு பல்லக் கடிச்சான்.

அவரு அடிக்க ஆரம்பிச்சாரு. அடிச்சு நிறுத்தி, ஒங்க வூட்ல செத்துப்போனவங்க பேரு ஒண்ணு சொல்லுங்க, இந்த மோளத்துல கூப்புடுறேன்னாரு. அவுங்க ஊர்ல அப்படித்தானாம், மோளம் பேரு சொல்லுமாம். மோளம் கூப்புட்டாத்தான் செத்தவங்களுக்குக் கேக்குமாம். தோரத்தி எழுந்து அவங்காயா பேர சொல்லிச்சு. மோளம் அத திரும்பிச் சொல்லிச்சு. தோரத்தி குந்தி, மொகத்த மூடிக்கினு அழுதுது. இன்னும் நாலஞ்சு பேரு சொன்னாங்க. நான் என்னை அறியாம தொடையில தட்டிக்கினு இருந்திருக்கேன் போல. மண்ணெண்ண டின்னுல எங்க வூட்டுக்காரரு எனக்குத் தட்டிக் காட்டுவாரே, அந்த அடி. மோளக்காரரு என்ன பாத்து கையி காட்டி ஏதோ கேட்டாரு.

ரேவதி சத்தமா சொல்லுது: "ஆயா, ஒன் கை தெரிஞ்ச கையாம். ஒன் வூட்ல யாரு மோளம் அடிச்சாரு? பேரு இன்னா? கேக்குறாரு."

நான் இன்னா சொல்லுவேன்? மோளம்னு சொன்னா புள்ளைக்குக் குடுத்த வாக்கு போவுது. பேரு என் வாயிலருந்து வராது. பங்கஜம் கழுத்த நீட்டிக்கினு பாக்குறா. கூடமே காத்துக்கினு இருக்குது. சொல்லாம வுட்டா, மூணாவது வருசமும் மனுசன் சத்தமில்லாமத்தான் போவணும். நான் ஏழுமலைய பாத்தேன். சொல்லுன்னு பாக்கல. எனக்குப் பாக்க வேற எடமில்ல, அவன பாத்தேன்.

ரேவதி அப்பன் சட்டையை இழுக்குது. "டாடி, தாத்தா பேரு இன்னா?"

அவன் எழுந்தான். கையி ரெண்டையும் பேன்டுல தொடச்சான். "எங்க நைனா"ன்னான். தமிழுல, குப்பு! இங்கிலீஷுல சொல்லல. "எங்க நைனாதான் மோளம் அடிப்பாரு. தாமல் காலனி. சாவு மோளம். பேரு முனுசாமி." அப்பறந்தான் அந்தாளுக்கு இங்கிலீஷுல சொன்னான்.

பங்கஜம் "ஓ"ன்னா. அவ்வளவுதான். கோட்டுப் பொத்தான ஒண்ணு ஒண்ணா போட ஆரம்பிச்சா.

மோளக்காரரு ஏழுமலை கிட்ட வந்து நின்னு, தோள்ல கைய வெச்சாரு. அப்பால மோளத்தத் தட்டிப் பாத்தாரு. மறுபடியும் தொவண்டு போச்சு. ஹீட்டரு பக்கம் திரும்பினவரு கையிலருந்து இவன் அத வாங்கிக்கினான். இவன் தொட்டு எத்தினி காலமாச்சு! அடிக்கல. செவுத்தோரம் போயி குத்துக்காலு போட்டுக் குந்தி, வைக்கோலு நெருப்புல காட்டுவானே பொடியனா, அதே மாதிரி, மெதுவா, கருகாம, திருப்பித் திருப்பிக் காட்டினான். வெரலால சுண்டினான். நங்குனு கேட்டுது. கொண்டாந்து அவரு கையில ரெண்டு கையாலயும் குடுத்தான்.

மு, னு, சா, மி. நாலு அடி. சா மட்டும் நீட்டி. மறுபடியும் நாலு அடி. ரேவதி வாயால கூடவே சொல்லுது. அந்தக் கூடத்துல இருந்த அத்தினி ஜனமும், கறுப்பு வெள்ள எல்லாம், கையில தட்டி அந்தப் பேர சொல்லிச்சு. நான் சொல்லக்கூடாத பேர ஒரு தேசமே சொல்லுதுடி. நான் சிரிச்சேனா அழுதனான்னு தெரியல. தோரத்தி என் கையப் புடிச்சிக்கினு வுடல.

5

டூட்டி முடிஞ்சி வந்த சரோஜாவுக்கு நேத்து காலையில சேதி தெரிஞ்சிது. "போனா போவுது அத்த, அந்தம்மா வூட்டு இட்லி கல்லாட்டம் இருக்கும், இனிமே துன்ன வேணாம்"னு சொல்லிச்சு. பங்கஜத்துக்கிட்ட இருந்து போனு வரல. கல்யாணப் புடவையும் எடுக்க வேணாம், தறி கணக்கும் சொல்ல வேணாம். ஆனா ஏழுமலை போனு மணி அடிக்கிறப்பெல்லாம் தலைய தூக்கிப் பாக்குறான், அது என் கண்ணுல படுது. அவனுக்கு இருந்த நாலு தமிழ் வூட்டுல ஒண்ணு போச்சு. மிச்சமும் போவலாம். சும்மா கெடைக்கல இது.

நேத்து சாப்புடுறப்ப தட்ட பாத்துக்கினே கேட்டான். "அந்த மோளத்த ஏரியில போட்டுட்டியாம்மா?"

"இல்லடா. குப்பு வூட்டுப் பரண்ல இருக்குது."

திட்டுவான்னு நெனச்சேன். கைய கழுவிக்கினு போயிட்டான். இன்னிக்கிக் காலையில இந்தப் புது கேசட்ட மேஜை மேல வெச்சான். "ஒரு பக்கம் நீ பேசும்மா. இன்னொரு பக்கம் மாமாவ அடிக்கச் சொல்லு. அன்னிக்கி நான் நிறுத்துனத"ன்னான். கதவாண்ட போயி திரும்பி, "மாமாகிட்ட நான் கேட்டதா சொல்லு. நீ கேட்டதா சொல்லாத"ன்னான்.

அதுக்குத்தான்டி இத்தினி பேச்சும். ஒன் வூட்டுக்காரருகிட்ட சொல்லு, ஏழுமலை கேக்குறான். பரண்லருந்து எறக்கி, எலி கடிச்சிருக்குதான்னு பாரு. வைக்கோல்ல காட்டச் சொல்லு, ஸ்டவ்வுல வேணாம், தோலு கருகிடும். ஏரிக்கரை மேல நின்னு, பொணம் எடுக்குற அடியிலருந்து குழியில எறக்குற அடி வரைக்கும் முழுசா அடிக்கச் சொல்லு. ஒன் மருமவன மிசின கிட்ட புடிச்சி, திரும்ப இங்க அனுப்பச் சொல்லு. நான் பேசுன பக்கத்த யாரும் கேக்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்லலாம்னு இருந்தேன். வேணாம், டீக்கடையிலயே போட்டாலும் போட்டுக்க. அந்த மாத்துப் பக்கத்துல மட்டும் தப்பித்தவறி வேற எதையும் ஏத்திடாத, அதுல ஒண்ணுமில்ல, காலியா இருக்குது, அவருக்காக வெச்சிருக்குது…

அய்யோ, கீழ துணி தொவைக்கிற மிசினு தடதடன்னு ஆடுது கேக்குதா? ரேவதி பூட்ஸ துணியோட போட்டுட்டேன் போல. தோரத்தி கதவத் தட்டுது. இரு இரு, வரேன், வரேன்மா…